ஓடைக்கரைக்கு வந்த உச்சி நிழல்

ஓடைக்கரைக் காலனிக்கு நிழல் காலை ஆறு மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போகும். மாலையில் ஐந்து மணிக்கு மறுபடி வந்து ஏழு வரை நிற்கும். மொத்தம் நான்கு மணி நேரம். நெய்தல் மண்டலத்தில் யாருக்கும் அதற்குக் குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை.

காலை நிழல் வரும்போது காலனியில் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடக்கும். உப்பளத்துக்கு இருட்டோடு போனவர்கள் பத்து மணிக்குத்தான் திரும்புவார்கள். அதற்குள் நிழல் பூட்டிய கதவுகள் மேலும் கட்டிப்போட்ட ஆடுகள் மேலும் விழுந்துவிட்டுப் போயிருக்கும். மாலை நிழல் வரும்போது சூரியனே இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்த பகலை, சிமென்ட் தகடு வேய்ந்த கூரைகளுக்குக் கீழே காலனி ஜனங்கள் நிழல் இல்லாமல் கழித்தார்கள்.

நிழல் என்பது வானத்தில் மிக உயரத்தில் மிதக்கும் பாய். கீழே நின்று பார்த்தால் அழுக்கு வெள்ளையில் ஒரு பெரிய சதுரம், அவ்வளவுதான். ஒரு பாய் ஒரு ஊரை மூடும். மூடிய இடத்தில் ஏழெட்டு டிகிரி குறையும். வெயிலில் ஆட்கள் விழுந்து சாவது வாடிக்கையான பிறகு இந்தப் பாய்கள் வந்தன. பாய்கள் குறைவு, ஊர்கள் அதிகம். ஆகவே பங்கிட வேண்டியிருந்தது. அந்தப் பங்கீட்டுக்காகத்தான் துறைமுகம், நகரம், உப்பளக் கிராமங்கள், மீனவர் குப்பங்கள், ஓடைக்கு அக்கரையில் இருந்த இலங்கை அகதிகள் முகாம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மண்டலமாக்கினார்கள்.

மண்டலம் அமைந்த நாளில் காலனியில் வெடி போட்டார்கள். அதுவரை பஞ்சாயத்தில் இருந்தவர்கள் அவர்கள். தண்ணீர் லாரி மேலத்தெருவைத் தாண்டி வராது. தாண்டி வந்தால் அதில் தண்ணீர் இருக்காது. இனி தலைவர் வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம், கணினி எல்லாரையும் ஒன்றாகப் பார்க்கும் என்றார்கள். காலனி அதை நம்பியது. நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் அப்போது தெரியவில்லை.

காலனியில் இருந்த தங்கபுஷ்பத்தின் மகள் எஸ்தர்ராணிக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் ஏழாம் மாதத்தில், இரண்டும் கோடையில், அசைவு நின்றுபோனவை. மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போனவன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவான். ஐந்தாம் மாதம் பரிசோதிக்கப் போனபோது நர்ஸ் தங்கபுஷ்பத்தைத் தனியே அழைத்துச் சொன்னாள்.

"உடம்புல ஒரு கோளாறும் இல்ல. வயித்துக்குள்ள ஏறுத சூடுதான். உச்சி வேளையில இவள எங்கயாவது குளிர்ச்சியா வச்சிக்கிட்டா இந்தப் பிள்ள தங்கும். இல்லன்னா நான் சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல."

தங்கபுஷ்பம் பக்கத்து வீட்டு ஜெபக்கனியைக் கூட்டிக்கொண்டு மண்டல அலுவலகத்தின் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனாள். இன்னும் எட்டுப் பெண்கள் வந்தார்கள். அலுவலகத்தில் குளுகுளுவென்று இருந்தது. உட்காரச் சொன்னார்கள். எல்லாருக்கும் மோர் கொடுத்தார்கள். பிரபாவதி என்ற அதிகாரி எதிரே வந்து உட்கார்ந்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்களுக்கும் நாலு மணி நேரம், டவுன்ல இருக்க ராஜாம்பாள் நகருக்கும் நாலு மணி நேரம். அது சரி மேடம்," என்றாள் தங்கபுஷ்பம். "அவங்களுக்கு உச்சி வேளை, எங்களுக்கு மட்டும் ஏன் விடியக்காலம்?"

"நாங்க யாரும் முடிவு பண்றது இல்லம்மா, கணினிதான். மண்டலத்தக் கட்டம் கட்டமாப் பிரிச்சிருக்கு. நிழல் விழுந்தா எந்தக் கட்டத்துல கரண்ட் அதிகமா மிச்சமாகுதுன்னு பாக்கும். அந்தக் கட்டத்துக்கு உச்சி வேளைய ஒதுக்கும். அப்படி மிச்சமாகுற கரண்ட்லதான் இந்தப் பாய்களே ஓடுது."

"எங்க வீட்ல ஒத்த ஃபேனுதான் ஓடுது."

"அதான்மா. நிழல் வந்தாலும் அந்த ஃபேன் ஓடும், வராட்டியும் ஓடும். உங்க கட்டத்துல மிச்சமாகுறதுக்கு ஒண்ணும் இல்ல. ராஜாம்பாள் நகர்ல ஒரு வீட்ல நாலு ஏசி. நிழல் வந்ததும் மூணு நின்னுடுது."

"அப்ப கம்மியா எரிக்கது எங்க தப்பா?"

"தப்புன்னு சொல்லலம்மா." பிரபாவதிக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. "கணக்குல வரமாட்டேங்குது."

ஜெபக்கனி டம்ளரைக் கீழே வைத்தாள். "தெருப் பேரப் பாத்துத்தான் போடுதுன்னு நேரா சொல்லிருங்களேன்."

"ஐயையோ, இல்லம்மா. அதுக்கு சாதி, மதம், எந்த நாட்டுக்காரங்க, எதுவுமே தெரியாது. அதையெல்லாம் உள்ள போடவே கூடாதுன்னு சட்டமே இருக்கு."

"அதுக்கு எதுக்கு மேடம் சாதி? எந்த வீட்ல ஏசி இருக்குன்னு தெரிஞ்சாப் போதாதா?"

பிரபாவதி இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவரச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜெபக்கனிதான் பேசிக்கொண்டு வந்தாள். "பழைய தலைவரா இருந்தா அவன் வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்திட்டாவது வந்திருக்கலாம். இந்தம்மா மோருல்லா குடுத்துட்டா. மோரு குடுத்தவள எப்படி ஏச?"

சிலர் சிரித்தார்கள். தங்கபுஷ்பம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பளத்தில் தங்கபுஷ்பத்துக்கு ஜோடி முகாமைச் சேர்ந்த யோகமலர். ஒருத்தி உப்பை வாரிக் குவிப்பாள், ஒருத்தி சுமந்து மேட்டில் கொட்டுவாள். முகாமில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவளுடையது. அவள் பிறந்ததும் முகாமில்தான். அவள் பேச்சு மட்டும் கடலுக்கு அந்தப் பக்கமே இருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு யோகமலர் சொன்னாள்:

"எங்களுக்கு மத்தியானம் நிழல் வருதுதானே அக்கா. பிள்ளையை எங்கட வீட்டுக்கு அனுப்புங்கோ."

முகாமுக்கு உச்சி நிழல் வந்ததற்குக் காரணம் முகாம் அல்ல. முகாமின் சுவரை ஒட்டி மீன் குளிர்கிடங்கு ஒன்று இருந்தது. கிடங்கின் மேல் நிழல் விழுந்தால் மின்சாரம் மிச்சமாகும். கிடங்குக்காக வந்த பாய்க்குள் முகாமும் அகப்பட்டிருந்தது.

"உங்க வீட்ல எடம் ஏது?" என்றாள் தங்கபுஷ்பம். யோகமலரின் வீடு ஒரே அறை. அதில் அவள் கணவர் சிவபாதம் சிறுநீரகம் கெட்டுக் கட்டிலில் கிடந்தார்.

"அவர் கட்டிலில கிடப்பார், இவள் நிலத்தில கிடக்கட்டும். அவருக்கும் கதைக்க ஆள் வேணும். என்னோட கதைச்சு அலுத்துப்போச்சு அவருக்கு."

அன்று முதல் எஸ்தர்ராணி பத்தரை மணிக்கு ஓடையைக் கடந்து முகாமுக்குப் போனாள். நிழல் விலகிய பிறகு திரும்பி வந்தாள். சிவபாதம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இஞ்ச படுக்கிறதெண்டால் வாடகை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு பொய். நல்ல பொய்யா இருக்கோணும்."

"உப்பளத்துல ஒரு திமிங்கலம் ஒதுங்கிக் கெடக்கு மாமா."

"சீ, இது பழைய பொய். நாளைக்கு ரெண்டு சொல்லோணும்."

ஆறாம் மாதக் கடைசியில் முகாம் வாசலில் புதிய காவலர் வந்தார். வெளியாள் உள்ளே தங்கக்கூடாது என்பது பழைய விதி. புதியவர் அதைப் படித்திருந்தார். எஸ்தர்ராணி வாசலில் நின்று கேட்டாள். உள்ளேயிருந்து யோகமலர் வந்து கேட்டாள். அவர் கோபப்படவில்லை. விதியைத் திரும்பச் சொன்னார். எஸ்தர்ராணி பதினொரு மணி வெயிலில் திரும்பி நடந்தாள். ஓடைப் பாலத்தருகில் விழுந்தாள். ஆடு மேய்க்கிறவர்கள் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். வயிற்றில் அசைவு இருந்தது. மாலை வரை தங்கபுஷ்பம் கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் ஜெபக்கனி வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"யக்கா, அந்த மேடம் சொன்னத நீ சரியாக் கேட்டியா?"

"கேட்டேன். மிச்சமாகுறதுக்கு ஒண்ணும் இல்லன்னா."

"அப்ப மிச்சமாகுற மாதிரி வச்சிக்கிட்டா? வெயில்ல மீட்டர் ஏறணும், நிழல்ல எறங்கணும். அவ்வளவுதான அது பாக்குது?"

"ஏளா, ஏசிக்கு எங்க போவ?"

ஜெபக்கனி தங்கபுஷ்பத்தின் வீட்டு மூலையைக் காட்டினாள். பழைய அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் இலவசமாகக் கொடுத்த கிரைண்டர் அங்கே இருந்தது. அதன் மேல் துவைத்து மடித்த துணிகள் இருந்தன. காலனியில் எந்த வீட்டுக்குப் போனாலும் அது ஒரு மூலையில் இருக்கும். மாவு கடையில் கிடைப்பதால் யாரும் அதை ஓட்டுவதில்லை.

"நானூறு வீடு," என்றாள் ஜெபக்கனி. "நானூறு கிரைண்டரு. அதோட அயர்ன் பாக்ஸு, சுடுதண்ணி போடுத கம்பி, எது இருக்கோ அது. உச்சி வேளையில எல்லாம் ஓடணும். காலைல நிழல் வந்ததும் ஒண்ணுகூட ஓடக்கூடாது. ஃபேனக்கூட அமத்தணும்."

"ஏளா, கிறுக்கா ஒனக்கு?"

"கிறுக்கு எனக்கில்ல. அதுக்கு."

சர்ச் மணி அடித்துக் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசினார்கள். ஜெபக்கனி எஸ்தர்ராணியை எழுந்து நிற்கச் சொன்னாள். எஸ்தர்ராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அதன் பிறகு பில்லைப் பற்றி யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஓடைக்கரைக் காலனி இரையத் தொடங்கியது. வெறும் கிரைண்டர்கள் வீட்டுக்கு வீடு சுற்றின. திருப்பி நிறுத்திய அயர்ன் பாக்ஸ்கள் காற்றைச் சுட்டன. வாளியில் தண்ணீர் கொதித்தது. வீடுகளுக்குள் இருந்த சூடு போதாதென்று இன்னும் சூடு சேர்ந்தது. ஜனங்கள் பொறுக்க முடியாமல் தெருவுக்கு வந்து சுவரோரமாக நின்றார்கள். மூன்று மணிக்கு ஒருவர் விசில் ஊதுவார். எல்லாம் நிற்கும். எஸ்தர்ராணியை அந்த நேரம் முழுக்க ஓடைப் பாலத்துக்கு அடியில் ஈரச்சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். சத்தம் பாலத்துக்குக் கீழேயும் கேட்டது. அக்கரைக்கும் கேட்டிருக்கும்.

"எங்க தாத்தா காலத்துல கல்லுரல்ல அரைச்சாவளாம்," என்றான் ஒருவன். "நம்ம வெயில அரைச்சிக்கிட்டிருக்கோம்."

மூன்று வாரம் அப்படி ஓட்டினார்கள். நான்காவது வாரம் வியாழக்கிழமை, உச்சி வேளையில், வெளிச்சம் மாறியது. தெருவில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சதுரத்தின் ஓரம் தரையில் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. முள்காட்டை மூடியது. ஓடையை மூடியது. முதல் வீட்டுக் கூரையில் ஏறியது. விசில் ஊதினார்கள். ஒவ்வொரு கிரைண்டராக நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. யாரோ அழுதார்கள். பிள்ளைகள் செருப்பில்லாமல் தரையில் நின்று பார்த்தார்கள்.

தங்கபுஷ்பம் நிழல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது கிழக்கிலிருந்து வந்தது. நகரம் மேற்கே இருந்தது. கிழக்கில் ஓடைக்கு அப்பால் முகாம் மட்டும்தான். அங்கே கிடங்கின் தகரக் கூரை வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. உச்சி வேளையில் அது அப்படி மின்னி அவள் பார்த்ததில்லை.

மாலையில் பிரபாவதிக்குப் போன் செய்தாள்.

"வாழ்த்துகள்மா," என்றாள் பிரபாவதி. "உங்க கட்டத்துப் புள்ளி எப்படி இவ்வளவு ஏறிச்சுன்னு எங்களுக்கே ஆச்சரியம். நான் எதுவும் கேக்கல."

"இது யாருக்கு வந்துக்கிட்டிருந்த நிழல் மேடம்?"

"பொதுவுல இருந்து வர்றதுதாம்மா."

"ராஜாம்பாள் நகருக்கு இன்னிக்கு வந்துச்சா?"

போனில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அது மேல இருக்கறவங்ககிட்ட இருந்து எடுக்காதும்மா. உச்சி நிழல் வாங்குறவங்கள்ல கடைசிப் புள்ளி யாருதோ, அவங்ககிட்ட இருந்துதான் எடுக்கும். உங்க புள்ளி அவங்களத் தாண்டிருச்சு. அவ்வளவுதான். யாரு மேலயும் தப்பில்ல."

"திருப்பிக் குடுக்கணும்னா?"

"புள்ளி இறங்கினா தானாப் போயிரும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மறுஆய்வு இருக்கு. மூணு நாள் நிழல எடுத்துட்டுப் பாக்கும். அப்ப தெரியும்." பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "உங்க மகளுக்கு எத்தனாவது மாசம்?"

"ஏழு."

"அப்ப விடுங்கம்மா."

தங்கபுஷ்பம் விட்டுவிட்டாள். உப்பளத்தில் யோகமலர் பக்கத்திலேயே வேலை செய்தாள். அவள் நிழலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எஸ்தர்ராணி எப்படி இருக்கிறாள் என்று தினமும் கேட்டாள். நல்லா இருக்கா என்று தங்கபுஷ்பம் சொன்னாள். அது உண்மை. ஏழாம் மாதம் முடிந்தது. எட்டாம் மாதம் நடந்தது. எஸ்தர்ராணி உச்சி வேளையில் தன் வீட்டிலேயே ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினாள்.

சிவபாதத்தைப் பெரியாஸ்பத்திரிக்கு மூன்று முறை கொண்டுபோனார்கள். மூன்றாவது முறை திரும்பக் கொண்டுவந்தது உடலை. சிறுநீரகம் கெட்டவருக்கு அந்தச் சூடு தாங்காது என்று டாக்டர் சொன்னாராம். காரணம் என்று சீட்டில் எழுதியது சிறுநீரகத்தை மட்டும்தான்.

சாவுக்குத் தங்கபுஷ்பம் போனாள். மகளிடம் சொல்லவில்லை, பிள்ளை பிறக்கட்டும் என்று விட்டாள். சாவுக்கு வந்தவர்களைக் காவலர் தடுக்கவில்லை. உச்சி வேளை. பந்தல் சிறியது. பெண்கள் முறை வைத்து அதற்குள் போய் நின்று வந்தார்கள். தங்கபுஷ்பம் வெளியிலேயே நின்றாள். பக்கத்தில் முகாம் ஆட்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போன கிழமை மனுக் குடுத்தனாங்கள்."

"என்னவாம்?"

"முகாமுக்கு ஒரே மீட்டர். முந்நூறு குடும்பமும் ஒரு வீடு எண்டுதான் கணக்காம்."

"நிழலை ஆருக்குக் குடுத்தவையாம்?"

"தெரியேல்லை. டவுனுக்காத்தான் இருக்கும்."

யோகமலர் வெளியே வந்தாள். தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். "ஏன் வெயிலுக்க நிக்கிறியள் அக்கா? உள்ளுக்கு வாங்கோ," என்றாள். அவள் முகத்தில் அழுத தடம் கூட இல்லை. தங்கபுஷ்பம் உள்ளே போய்க் காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதையோ சொல்ல வேண்டும் என்று வந்திருந்தாள். சொல்வதற்குப் பதிலாக, சுவரில் மாட்டியிருந்த அவருடைய சட்டையை மடித்து வைத்தாள்.

எஸ்தர்ராணிக்குப் பெண் பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. நர்ஸ் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதற்கு முன்பே அது அழுதது. காலனியில் வீட்டுக்கு வீடு மிட்டாய் போனது. தங்கபுஷ்பமும் சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை, ஆனால் சாப்பிட்டாள். யோகமலர் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனாள். அதன் பிறகு மத்தியானங்களில் அடிக்கடி வந்தாள்.

"அங்க தனிய இருக்கேலாது. இஞ்ச கொஞ்சம் இருந்திட்டுப் போறன்," என்பாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிடுவாள். தங்கபுஷ்பம் எதிரே உட்கார்ந்திருப்பாள். இன்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். யோகமலர் விழித்ததும் தேநீர் போட்டுக் கொடுப்பாள்.

பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது மறுஆய்வு அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்தது. ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று நாள் உச்சி வேளையில் பாய் இருக்காது. ஜெபக்கனி வீடு வீடாகப் போனாள்.

"ஒரு வீடு விடாம ஓட்டணும். போன தடவ மயிரிழையிலதான் தாண்டிருக்கோம், மேடமே சொல்லிச்சு. யக்கா, ஒனக்குச் சொல்ல வேண்டியதில்ல, கைப்பிள்ள இருக்கு."

"ம்."

"என்ன ம்?"

"ஓட்டுதேன்னு சொன்னேன்."

முதல் நாள் பதினொரு மணிக்குக் காலனி இரையத் தொடங்கியது. எஸ்தர்ராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு அடியில் போய்விட்டாள். தங்கபுஷ்பம் கிரைண்டர் மேலிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பிளக்கைச் சொருகினாள். சுவிட்ச் பக்கத்தில் நின்றாள். வலப்பக்க வீட்டில் ஓடியது. இடப்பக்க வீட்டில் ஓடியது. அவள் வீட்டில் மட்டும் ஓடவில்லை. ஓட்டாவிட்டால் பாய் கிழக்கே திரும்பிப் போகலாம். மூன்று மாதப் பிள்ளைக்கு இந்தக் கூரையின் சூடு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஓட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இரண்டில் எதை நினைத்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் தூக்கியபடி இருந்தது.

யோகமலர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்திருந்தது. இடுப்பில் ஒரு அலுமினியச் சட்டி இருந்தது. தட்டு போட்டு மூடியிருந்தாள். ஓடாத கிரைண்டரைப் பார்த்தாள். தூக்கியிருந்த கையைப் பார்த்தாள்.

"யோகம்," என்றாள் தங்கபுஷ்பம். "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த நெழலு—"

"பிள்ளை எங்க?"

"பாலத்தடியில."

"அது நல்லம். அங்க காத்து வரும்."

யோகமலர் சட்டியை இறக்கி வைத்துத் தட்டை எடுத்தாள். அரிசியும் உளுந்தும் தண்ணீரில் கிடந்தன. குனிந்து அள்ளி அள்ளிக் கிரைண்டருக்குள் போட்டாள். முழுவதையும் போட்டு முடித்துக் கையை உதறிச் சேலையில் துடைத்தாள்.

"சும்மா சுத்துறதுக்கு மாவெண்டாலும் ஆகட்டும்," என்றாள். "போடுங்கோ அக்கா."

தங்கபுஷ்பம் போட்டாள். கல் உருண்டது. இருவரும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஓரத்தில் ஒட்டுவதை விரலால் தள்ளித் தள்ளி விட்டார்கள். அரிசி நன்றாக ஊறி, நசுக்கினால் உடையும் பதத்தில் இருந்தது. இருட்டோடு வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே யோகமலர் அதை நனையப் போட்டிருக்க வேண்டும்.